தவசிலிங்கம் வீட்டு நீச்சல்குளம்

உப்பூரணியில் கிணறு வெட்டினால் உப்பு வரும், ஆழ்குழாய் இறக்கினால் அதைவிடக் கடுப்பான உப்பு வரும், அழுதால் வருவதுதான் உள்ளதிலேயே கொஞ்சம் ருசியான தண்ணீர் என்று அந்த ஊர்ப் பெண்கள் தங்களுக்குள் சொல்லிச் சிரித்துக்கொள்வார்கள். அப்பேர்ப்பட்ட ஊரில், ஒரு சனிக்கிழமை விடியலில், தவசிலிங்கம் வீட்டுக் கொல்லையில், முந்தின நாள் வரைக்கும் கருவேல முள்ளும் உடைந்த ஆட்டுரலும் கிடந்த இடத்தில், நீலக்கல் பதித்த நீச்சல்குளம் ஒன்று விளிம்பு தளும்பத் தளும்பக் கிடந்தது. அதை முதலில் பார்த்தவள் தவசிலிங்கத்தின் மனைவி வள்ளிமயில். பார்த்ததும் அவள் செய்த முதல் காரியம், யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று கொல்லைக் கதவைச் சாத்தியதுதான். சாத்திவிட்டுக் கதவில் முதுகைச் சாய்த்து நின்றவளுக்குக் காது மடல் இரண்டும் அடுப்பில் காட்டின மாதிரி சுட்டன. ஏனென்றால் அந்தக் குளத்தை அவள் முந்தின நாள் விளக்கு வைத்த பிறகு டிவியில் பார்த்திருந்தாள்.

அந்த நாடகத்துக்கு ‘வானத்துக் குழாய்’ என்று பெயர். வெள்ளிக்கிழமை தோறும் வந்தது. உண்மைச் சம்பவத்தைத் தழுவியது என்று ஆரம்பத்திலேயே எழுத்துப் போட்டார்கள். அந்த உண்மைச் சம்பவம் நடந்தது உப்பூரணியில்தான். ஆறு வருஷத்துக்கு முந்தி ‘அமுதவான்’ என்றொரு கம்பெனி அந்த ஊருக்கு வந்து, காற்றைப் பிழிந்து நல்ல தண்ணீர் எடுக்கிற இயந்திரம் எங்களிடம் இருக்கிறது, பங்கு போட்டவர் வீட்டுக்கெல்லாம் குழாய் வரும், ஆயுசுக்கும் தண்ணீர் வரும் என்று சொல்லி, கடைத்தெருவில் கண்ணாடி அறை கட்டி அதில் ஒரு இயந்திரத்தை நிறுத்தியது. இயந்திரத்தின் மூக்கிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்த தண்ணீரை ஒரு வாய் குடித்தவர்கள், அதுவரை தாங்கள் குடித்ததெல்லாம் என்ன என்று யோசித்தபடியே வீட்டுக்குப் போய், கழுத்தில் கிடந்ததையும் காலடியில் கிடந்த நிலத்தையும் கொண்டுவந்து கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டது தவசிலிங்கம். அதற்கு முன்னால் அவன் உப்பளத்தில் லாரிக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தவன். பொய் சொல்லத் தெரியாத முகம் என்று ஊரே சொல்லும். அந்த முகத்துக்காகத்தான் கம்பெனி அவனை மேனேஜர் ஆக்கியது. பிறகு ஒருநாள் முதலாளி காணாமல் போனார், போலீஸ் வந்து இயந்திரத்தைத் திறந்தது, உள்ளே ஒரு காற்றாடியும் ஒரு தகரத் தொட்டியும் இருந்தன. தவசிலிங்கம் ஜெயிலுக்குப் போய், ஜாமீனில் வந்து, பின்கட்டு அறையில் கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தவன்தான். “நானும் ஏமாந்தவன்தானே வள்ளி” என்பான். அவள் அதைப் பாதி நம்பினாள். பாதியாவது நம்பாவிட்டால் அவனுக்குச் சோறு போட முடியாது.

நாடகத்தில் ஊரின் பெயரை மாற்றியிருந்தார்கள், தவசிலிங்கத்தைத் தங்கராஜன் ஆக்கியிருந்தார்கள். ஓட்டு வீட்டில் இருக்கிற மேனேஜரை யார் பார்ப்பார்கள் என்று நினைத்தோ என்னவோ, தங்கராஜனுக்கு ஒரு மாளிகையும் மாளிகைக்குப் பின்னால் ஒரு நீச்சல்குளமும் கொடுத்திருந்தார்கள். உப்பூரணிக்காரர்கள் அந்த நாடகத்தைப் பார்க்கப் போவதில்லை என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு, வெள்ளிக்கிழமை ஆனதும் ஒவ்வொருவரும் கதவைச் சாத்தி, சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்த்தார்கள். ஆனதால் தெருவில் நடந்துபோகிறவன் காதில் எல்லா வீட்டிலிருந்தும் ஒரே குரல் கிசுகிசுப்பாக விழுந்துகொண்டே வரும். அதில் தாங்கள் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிற கூட்டமாக, முகத்தில் கரி பூசின துணை நடிகர்களாக வருவதைப் பார்த்துக் கூனிப்போனார்கள். கூனிப்போய்க்கொண்டே கடைசிவரை பார்த்தார்கள்.

அன்று காலையில் வள்ளிமயில் சாத்தின கதவு பொழுது ஏறும் வரைகூடத் தாங்கவில்லை. பக்கத்து வீட்டு நாகஜோதி வேலிக்கு மேலே தலையை நீட்டினாள். ஒரு காலத்தில் இரண்டு பேரும் ஒரு தட்டில் சாப்பிட்டவர்கள், மதினி மதினி என்று உயிரை விட்டவர்கள். கம்பெனி மூடின நாளிலிருந்து நாகஜோதி இந்தப் பக்கம் எச்சில்கூடத் துப்பியதில்லை. குளத்தைப் பார்த்தாள். வள்ளிமயிலைப் பார்த்தாள். வீட்டுக்குள் போய்க் குடத்தை எடுத்துக்கொண்டு வேலியைத் தாண்டி வந்து, படியில் குனிந்து ஒரு கை அள்ளிக் குடித்தாள். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள்.

“நல்ல தண்ணி” என்றாள். வள்ளிமயிலிடம் சொன்னாளா, குளத்திடம் சொன்னாளா தெரியவில்லை. குடத்தை நிறைத்து இடுப்பில் ஏற்றிக்கொண்டு, “மனுசங்க மேலதான் கோவம். தண்ணி மேல என்னத்துக்குக் கோவம்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மத்தியானத்துக்குள் ஊர்ப் பெண்கள் எல்லாரும் குடங்களோடு வந்துவிட்டார்கள். தள்ளுவண்டியில் எட்டுக் குடத்தை அடுக்கிக்கொண்டு ஊற்றுக்கு மூன்று மைல் போய்வந்த கால்கள் அன்றைக்குத் தவசிலிங்கம் வீட்டுக் கொல்லையில் வரிசை கட்டின. குளம் எவ்வளவு மொண்டாலும் குறையவில்லை, ஏனென்றால் டிவியில் அது எப்போதும் தளும்பிக்கொண்டேதான் இருந்தது. மருந்து வாடை அடிக்கவில்லை, ஏனென்றால் நாடகத்தில் யாரும் மருந்து கலக்கவில்லை. கிராம நிர்வாக அலுவலர் வந்து நாடாவைப் பிடித்து அளந்தார், புறம்போக்கில் ஒரு முழம்கூட இல்லை என்று எழுதிக்கொண்டு, ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனார். பேரூராட்சியிலிருந்து வந்தவர் வீட்டு வரியைத் திருத்தினார். குளம் எப்படி வந்தது என்று கேட்டவர்களுக்கு, “அதான் நேத்து டிவில போட்டானே” என்றார்கள். கேட்டவர்களும் அதற்கு மேல் கேட்கவில்லை.

பெண்களில் ஒருத்தியும் வள்ளிமயிலிடம் பேசவில்லை. அவள் கொல்லை வாசலில் நின்றால் தலையைக் குனிந்துகொண்டு மொண்டார்கள். ஏமாற்றினவன் வீட்டுத் தண்ணீரைக் குடிக்கிறோமே என்று அவர்களுக்கு வெட்கம்; ஏமாற்றினவனின் பெண்டாட்டி என்று இவளுக்கு வெட்கம்; இரண்டு வெட்கத்துக்கும் நடுவே குளம் நீலமாக அலையடித்துக்கொண்டு கிடந்தது. வாளி சத்தம் கேட்டால் தவசிலிங்கம் பின்கட்டு ஜன்னலை மூடிக்கொள்வான்.

அடுத்த வெள்ளிக்கிழமை நாடகத்தில் மாளிகையின் பளிங்குப் படிக்கட்டைக் காட்டினார்கள், தங்கராஜன் மனைவி அதில் இறங்கி வந்தாள், அவள் மூக்கில் வைரம் டால் அடித்தது. விடிந்தபோது ஓட்டு வீட்டின் நடு அறையிலிருந்து ஒரு பளிங்குப் படிக்கட்டு ஓட்டைத் துளைத்துக்கொண்டு மேலே ஏறி, வெறும் ஆகாயத்தில் போய் நின்றது. வள்ளிமயிலின் மூக்கில், ஈர்க்குச்சி செருகியிருந்த ஓட்டையில், பட்டாணி அளவு வைரம். கழற்றிப் பார்த்தாள்; வரவில்லை. சோப்புப் போட்டுப் பார்த்தாள், எண்ணெய் விட்டுப் பார்த்தாள், அழுதுகொண்டே திருகிப் பார்த்தாள், வரவில்லை. அன்றிலிருந்து முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டேதான் நடந்தாள். ஊர் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தது. கொஞ்ச நாளில் பெண்கள் அந்தப் படிக்கட்டில் மிளகாய் வற்றலும் வாளைக் கருவாடும் காயப் போட ஆரம்பித்தார்கள்; பளிங்கில் காய்ந்தால் மண் ஒட்டாது.

கோயம்புத்தூரில் வேலை பார்க்கிற மகள் திலகா போன் செய்தாள். “அம்மா, ஆபீஸ்ல எல்லாரும் அந்த நாடகத்தத்தான் பாக்குறாங்க. எந்த ஊருன்னு கேட்டாங்க. மானாமதுரைன்னு சொல்லிட்டேன்.”

“சொல்லிட்டுப் போறே” என்றாள் வள்ளிமயில். “மானாமதுரை நல்ல ஊருதானே.”

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை நாடகம் ஆரம்பிக்கிற நேரத்துக்கு மின்மாற்றி வெடித்து ஊர் முழுக்கக் கரண்ட் போய்விட்டது. அன்றைக்குத் தங்கராஜன் பெரிய வெளிநாட்டுக் கார் வாங்கினான் என்று வெளியூர்க்காரர்கள் சொன்னார்கள். காலையில் வாசலில் கார் இல்லை. தாங்கள் பார்த்தால்தான் வந்து சேருகிறது, பார்க்காவிட்டால் வருவதில்லை என்று உப்பூரணிக்குத் தெரிந்தது அப்போதுதான்.

பிறகு வந்தது அந்த வெள்ளிக்கிழமை. அன்று நாடகத்தில் தங்கராஜன் விடிகிற நேரத்தில் கண்ணாடி அறையைத் திறந்து, நீல நிறத் தண்ணீர்க் கேன்களை ஒவ்வொன்றாகத் தோளில் தூக்கி வந்து, இயந்திரத்தின் பின்பக்கத்துக் கதவைத் திறந்து, தகரத் தொட்டியில் தானே கவிழ்த்தான். கவிழ்த்துவிட்டு, நெற்றி வேர்வையைத் துடைத்து, சட்டையைச் சரிசெய்துகொண்டு, வாசலில் காத்திருந்த கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தான்.

வள்ளிமயில் திரும்பிப் பார்த்தாள். தவசிலிங்கம் பின்கட்டு நிலையில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான்.

“அதெல்லாம் கதைக்காகச் சேக்குறது” என்றான். “நீச்சல்குளம் சேக்கலையா? அது மாதிரி.”

காலையில் பெண்கள் வழக்கத்தைவிட முன்னாலேயே வந்தார்கள். நீலக் கேன் கிடைத்தால் தூக்கிப் போகலாம், வண்டிக்கு வசதி என்று நினைத்து வந்தார்கள். கொல்லையில் தேடினார்கள், படிக்கட்டுக்கு அடியில் தேடினார்கள், வாசலில் தேடினார்கள். ஒரு கேன்கூட இல்லை.

“ஏன் வரல?” என்றாள் ஒருத்தி. “யாரும் பாக்கலையா?”

எல்லாரும் பார்த்திருந்தார்கள். கேபிள் ஒயரைச் சரிபார்க்க வந்திருந்த சேகு அப்துல்லாதான், ஏணியில் நின்றபடியே, யாரையும் பார்க்காமல் சொன்னார்: “இங்கே வந்து சேருறது பூராவும் இல்லாதது. குளம் இல்லாம இருந்துச்சு, வந்துச்சு. படிக்கட்டு இல்லாம இருந்துச்சு, வந்துச்சு. ஏற்கெனவே இருந்தது எதுக்கும்மா புதுசா வரணும்?”

வரிசையில் நின்ற பெண்கள் ஒருவர் பின் ஒருவராக வள்ளிமயிலைப் பார்த்தார்கள். இத்தனை நாளும் பார்க்காத கண்கள் எல்லாம் அன்று பார்த்தன. கடைசியில் நின்ற பாக்கியத்தாய் மட்டும் பார்க்கவில்லை. வெறுங்குடத்தை எடுத்துக்கொண்டு திரும்பிப் போனாள். பாக்கியத்தாயின் புருஷன் சித்திரவேலு நாட்டுப்படகு வைத்திருந்தவர். அவரைக் கண்ணாடி அறைக்குக் கூட்டிப்போனது தவசிலிங்கம். தம்ளரில் பிடித்துத் தட்டில் வைத்துக் கொடுத்தது வள்ளிமயில், புதுப் பட்டுச்சேலையில் சிரித்துக்கொண்டே. ஒரு மடக்குக் குடித்துவிட்டு அந்த மனுஷன் அழுதார். பிறகு படகை விற்றார். கம்பெனி மூடின பிறகு பூச்சி மருந்தைக் குடித்தார்.

வள்ளிமயில் உள்ளே போய்ப் பின்கட்டுக் கதவை முழுக்கத் திறந்தாள்.

“ஆரம்பத்துல எனக்குத் தெரியாது” என்றான் தவசிலிங்கம், அவள் கேட்பதற்கு முன்பே.

“பெறகு?”

அவன் ஜன்னலைச் சாத்த எழுந்தான்.

“சித்திரவேலு அண்ணன் குடிச்சப்ப தெரியுமா?”

“அன்னைக்குக் காலைல நான்தான் ஊத்துனேன்” என்றான்.

அவள் அவனை வையவில்லை. அடுப்படிக்குப் போய், எரிகிற அடுப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். தம்ளரைத் தட்டில் வைத்து நீட்டின தன் கையைப் பார்த்தாள். அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் மடியில் ஒளித்துக்கொண்டாள்.

அந்த வாரமே ஒரு பத்திரிகையில் தங்கராஜனாக நடித்தவரின் பேட்டி வந்தது. கடைசிப் பகுதி என் வாழ்நாளில் மறக்க முடியாதது, ஊராரிடம் மன்னிப்புக் கேட்டு அழுதுவிட்டு விடியலில் நீச்சல்குளத்தில் இறங்கி உயிரை விடுகிறேன், பார்க்கிறவர்கள் கலங்காமல் இருக்க முடியாது என்று சொல்லியிருந்தார். டீக்கடையில் ஒருவர் அதை உரக்கப் படித்தார். தவசிலிங்கம் மன்னிப்புக் கேட்டதும் கிடையாது, செத்ததும் கிடையாது. இரண்டுமே இல்லாதது. ஊர் பார்த்தால் வரும்.

பத்திரிகை எப்படியோ வீட்டுக்கும் வந்துவிட்டது. தவசிலிங்கம் படித்துவிட்டு மடித்து வைத்தான்.

“எல்லாருக்கும் நல்லதுதானே” என்றான். “உனக்கும்.”

“எந்திரிச்சு வாங்க. நாலு வீட்டுல போய்க் கேப்போம், அன்னைக்கு ஒருநாள் பாக்காதீகன்னு.”

“எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு?”

“எனக்கு மட்டும் எந்த மூஞ்சி இருக்கு?” என்று கேட்டுவிட்டு வள்ளிமயில் செருப்பைக்கூட மாட்டாமல் இறங்கினாள்.

அந்தக் கடைசி வெள்ளிக்கிழமை காலையிலிருந்து அவள் தெருத் தெருவாகப் போனாள். நான்கு வருஷமாக ஏறாத படிகளில் ஏறினாள். ஏறின இடத்தில் எல்லாம் முதலில் அவளுடைய வைரம்தான் உள்ளே போனது, பிறகுதான் அவள் போனாள். மூக்கை மூடினால் பேச்சு வெளியே கேட்கவில்லை, ஆகையால் முந்தானையை எடுத்துவிட்டு, டால் அடிக்கிற முகத்தோடு, “இன்னைக்கு மட்டும் அந்த நாடகத்தப் பாக்காதீக” என்று கேட்டாள். அதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை. அவர் நல்லவர் என்று சொல்ல முடியாது, தெரியாமல் செய்தார் என்று இனிமேல் சொல்ல முடியாது. ஒரு வீட்டில் கதவைச் சாத்தினார்கள். ஒரு வீட்டில் கேட்டுக்கொண்டே முறத்தில் புடைத்தார்கள். ஒரு கிழவர், “செத்தா தண்ணி கெட்டுப்போகுமேன்னுதான் ஆத்தா யோசிக்கிறேன், வேற ஒண்ணும் இல்ல” என்றார்.

நாகஜோதி அவளை உள்ளே கூப்பிடவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. நிலையில் நின்றபடி கேட்டாள்: “ஒங்களுக்கே அவரு இருக்கணுமா மதினி? நெசத்தச் சொல்லுங்க.”

வள்ளிமயில் படியில் உட்கார்ந்தாள். “தெரியல மதினி” என்றாள். “ஆனா குளத்துல மிதக்குறத எல்லாரும் உக்காந்து பாத்தோம்னு ஆயிரக்கூடாது. அதுக்கப்புறம் நாம யாரும் யாரு மூஞ்சிலயும் முழிக்க முடியாது.”

மதினி என்ற சொல் இரண்டு பேர் வாயிலிருந்தும் வந்துவிட்டதை இரண்டு பேரும் அப்புறம்தான் கவனித்தார்கள். நாகஜோதி உள்ளே போய்விட்டாள்.

சேகு அப்துல்லாவிடம், “நீங்க கேபிளை அறுத்துவிட்டுரலாம்ல அண்ணே?” என்று கேட்டாள்.

“அறுக்கலாம்” என்றார் அவர். “அறுத்தா நான் ஒருத்தன் தடுத்ததா ஆகும். ஊருக்கு அதுல என்ன பேரு? அவங்கவங்க கையால அணைக்கட்டும் தங்கச்சி. என் வீட்ல அணைச்சுருவேன்.”

கடைசியாகத்தான் பாக்கியத்தாய் வீட்டுக்குப் போனாள். போகாமல் இருந்துவிடலாமா என்று தெருமுனையில் நின்று, நின்று, பிறகு போனாள். பாக்கியத்தாய் வலை பின்னிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

“அக்கா” என்றாள் வள்ளிமயில். வந்த காரியத்தைச் சொல்ல வாய் வரவில்லை. “நான்தான் அந்தத் தம்ளரக் கொடுத்தேன்.”

“தெரியும். நானும் பக்கத்துலதானே நின்னேன்.”

“இன்னைக்கு ஒருநாள்…”

“என் வீட்டுக்காரரு செத்த அன்னைக்கு” என்றாள் பாக்கியத்தாய், குரலை உயர்த்தாமல், முடிச்சை இழுத்துக்கொண்டே, “எதுத்த வீட்ல டிவி ஓடிக்கிட்டு இருந்துச்சு. பாட்டுப் போட்டி. யாரும் அணைக்கல. நான் பாப்பேன் வள்ளி. ஒருத்தரு பாத்தாப் போதும்ல?”

“போதும்க்கா.”

“அப்பச் சரி.”

விளக்கு வைத்தார்கள். நாடக நேரம் வந்தது. உப்பூரணியில் வீடு வீடாகக் கதவு திறந்தது. டிவியை அணைத்துவிட்ட ஜனங்களுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. வாசலில் வந்து உட்கார்ந்தார்கள், கொசுவை அடித்தார்கள், பருவம் தப்பின மழையைப் பற்றிப் பேசினார்கள். எத்தனையோ வாரமாகக் கிசுகிசுத்துக்கொண்டிருந்த தெரு அன்று வாயடைத்துக் கிடந்தது. அதனால்தான் பாக்கியத்தாய் வீட்டுச் சத்தம் ஊர் முழுக்கக் கேட்டது. அவள் சத்தத்தைக் குறைத்து வைக்கவில்லை.

தங்கராஜன் மன்னிப்புக் கேட்கிற குரல் கேட்டது. நல்ல நடிகர், உருகி உருகிக் கேட்டார். வாசலில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். யாரும் எழுந்து போய் அந்தப் பெண்பிள்ளையின் டிவியை அணைக்கவில்லை; அணைக்கிற உரிமை தங்களுக்கு இல்லை என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. பின்கட்டில் தவசிலிங்கம் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு, தன் வாயால் ஒருநாளும் வராத சொற்கள் தன் பெயரில் தெருவைக் கடந்து வருவதைக் கேட்டுக்கொண்டிருந்தான். வள்ளிமயில் பக்கத்தில் உட்கார்ந்து அவன் கையைப் பிடித்திருந்தாள். பிடிக்கவும் கூசியது, விடவும் முடியவில்லை. டிவியில் சேவல் கூவியது. தண்ணீர் அலம்புகிற சத்தம் கேட்டது.

சட்டென்று எல்லாம் நின்றது.

வள்ளிமயில் வாசலுக்கு ஓடி வந்தபோது பாக்கியத்தாய் தன் வீட்டுப் படியில் நின்றுகொண்டிருந்தாள். ஊர் முழுக்க அவளைப் பார்த்தது.

“மன்னிப்புக் கேட்டப்ப நான் வலையத்தான் பாத்தேன். பெறகு ரெண்டு படி எறங்குற வரைக்கும் பாத்தேன்” என்றாள் பொதுவாக. “அதுக்கு மேல எனக்குப் பாக்கத் தெரியல. தூக்கம் வருது, போங்க எல்லாரும்.”

விடியலில் வள்ளிமயில் கண் விழித்தபோது பக்கத்தில் தவசிலிங்கம் இல்லை. கொல்லைக்கு ஓடினாள். அவன் குளத்தில், இரண்டாவது படியில், முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தான். எப்போது எழுந்தான், எப்போது நடந்தான் என்று அவனுக்கே தெரியவில்லை; அவனிடம் இல்லவே இல்லாத ஒரு சந்தன நிறச் சட்டை அவன் உடம்பில் இருந்தது. ஒரு அடி மேலே வர முடியவில்லை, ஒரு அடி கீழே போக முடியவில்லை. அடுத்த அடியை யாரும் பார்த்திருக்கவில்லை.

அவள் கையை நீட்டி இழுத்தாள். கால் பெயரவில்லை. அதற்குள் வேலியோரம் குடம் உரசுகிற சத்தம் கேட்டது. “வள்ளி, எதையாச்சும் போட்டு என்னைய மூடு” என்றான் தவசிலிங்கம். மூடுவதற்கு நேரம் இல்லை. பெண்கள் வந்துவிட்டார்கள்.

வந்தவர்கள் அவனைப் பார்த்து நின்றார்கள். நான்கு வருஷத்துக்குப் பிறகு பார்க்கிறார்கள். தாடி நரைத்து, கன்னம் ஒட்டி, முழங்கால் வரைக்கும் நனைந்து நிற்கிற ஒரு மனுஷன். அவனுக்கு ஓடி ஒளியக் கதவு இல்லை, மூட ஜன்னல் இல்லை. யாரும் செத்துப்போகாததில் ஊருக்கு ஒரு நிம்மதி இருந்தது. அந்த நிம்மதியை முகத்தில் காட்டிவிடக் கூடாதே என்று எல்லாரும் கடுகடுவென்று இருந்தார்கள். கடைசியில் நாகஜோதிதான் முன்னால் வந்து, “மொள்ளுற இடத்துல நின்னா நாங்க எப்படி மொள்ளுறது?” என்று சொல்லிக் குடத்தை அவன் முன்னால் நீட்டினாள்.

அவன் வாங்கினான். குனிந்து அமுக்கி நிறைத்துத் தூக்கிக் கொடுத்தான். அடுத்த குடம் வந்தது. அதற்கடுத்தது வந்தது. ஒவ்வொரு குடத்தையும் வாங்கும்போது யாருடைய குடம் என்று ஏறிட்டுப் பார்த்தே ஆக வேண்டியிருந்தது. ஒவ்வொரு முகமும் கண்ணாடி அறையில் வாயைத் துடைத்துக்கொண்டு சிரித்த முகம். டிவிக்காரன் உருகிக் கேட்ட வார்த்தைகளில் ஒன்றுகூட அவன் வாயில் வரவில்லை. “நான்தான் ஊத்துனேன்” என்றான் யாரோ ஒருத்தியிடம். “தெரியும், நெறைச்சுக் குடு” என்றாள் அவள். வெயில் ஏறியது. சந்தன நிறச் சட்டை வேர்வையில் ஒட்டிக்கொண்டது. அவன் தோள் கடுக்க ஆரம்பித்தும் வரிசை முடியவில்லை.

பாக்கியத்தாய் வந்தாள். குடத்தை நீட்டினாள். அவன் இரண்டு கையாலும் வாங்கி, நிறைத்து, தலையைக் குனிந்துகொண்டு நீட்டினான். அவள் வாங்கவில்லை. குடத்துக்குள் எட்டிப் பார்த்தாள்.

“அலசாம ஊத்திருக்க” என்றாள். “கொட்டிட்டு அலசி ஊத்து.”

அவன் கொட்டினான். உள்ளங்கையால் குடத்தின் உட்புறம் முழுக்கத் தேய்த்து, அலசி, அலசின தண்ணீரை வெளியே விசிறி, மறுபடி அலசி, நிறைத்து நீட்டினான். அவள் வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, தண்ணீர் சிந்தாமல் நடந்து போனாள்.

கொல்லை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த வள்ளிமயில் உள்ளே போனாள். அடுப்படியில் கவிழ்ந்திருந்த சில்வர் குடத்தை எடுத்தாள். தன் வீட்டுக் குளம்தான், அவள் எப்போது வேண்டுமானாலும் மொண்டுகொள்ளலாம். ஆனால் அவள் வேலியைச் சுற்றிக்கொண்டு தெரு வழியாக வந்து, வரிசையில் கடைசி ஆளாக நின்றாள். முன்னால் நின்றவள் திரும்பிப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். வரிசை மெதுவாக நகர்ந்தது. எல்லாரும் போன பிறகு அவள் முறை வந்தது. குளத்தருகே அவர்கள் இரண்டு பேர்தான்.

“கால் இன்னும் பெயரலியா?” என்றாள் வள்ளிமயில்.

தவசிலிங்கம் நிமிர்ந்து பார்க்கவில்லை. குடத்துக்காகக் கையை நீட்டினான்.

“ரெண்டாவது குடத்துக்கே பெயர்ந்துருச்சு” என்றான்.